ஆயிரம் கொக்குகள்

கத்தரிக்கோல் வேண்டாம், பசை வேண்டாம், ஊசியும் நூலும்கூட வேண்டாம். ஒரு சதுரக் காகிதமும் பத்து விரல்களும் கொஞ்சம் பொறுமையும் இருந்தால் ஒரு கொக்கைச் செய்துவிடலாம். கைவேலை வகுப்பின் முதல் நாளில் எங்கள் அருட்சகோதரி இவ்வாறுதான் கூறினார். கேட்பதற்கு மிக எளிதாகவே இருந்தது. காகிதம் இருந்தது, விரல்களும் இருந்தன. மூன்றாவது பொருள்தான் எங்களிடம் போதிய அளவு இல்லை என்பதை அன்று மணி அடிப்பதற்குள் தெரிந்துகொண்டோம். வகுப்பில் நாற்பத்தொரு பேர் மடித்தோம். கொக்கு என்று சொல்லத்தக்கவை மூன்றே மூன்று. மற்றவற்றுள் சில காக்கையை ஒத்திருந்தன. சில எந்தப் பறவையையும் ஒத்திருக்கவில்லை.

ஆனால் ஆண்டு முடிவதற்குள் அந்தக் காகிதக் கொக்கு எங்களுக்கு வெறும் பொழுதுபோக்காக இல்லாமற் போயிற்று. ஒரு நாட்டின் வழக்கத்தையும், ஓரளவு கணிதத்தையும், எங்களைவிட இளையவளான ஒரு சிறுமியின் வாழ்வையும் அது எங்களுக்குக் கற்பித்தது. நாங்கள் கற்றதை மற்றத் தோழியருக்கும் பெற்றோருக்கும் எடுத்துக் கூறுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

காகிதமும் மடிப்பும்

ஜப்பானிய மொழியில் 'ஒரி' என்றால் மடித்தல்; 'காமி' என்றால் காகிதம். இரண்டும் சேர்ந்து 'ஒரிகாமி' ஆயிற்று. கொக்குக்கு அம்மொழியில் 'சுரு' என்று பெயர். ஆகவே மடித்துச் செய்த கொக்கு 'ஒரிசுரு' எனப்படும்.

காகிதம் செய்யும் கலை சீனாவில் தோன்றி, கொரியா வழியாக ஜப்பானை அடைந்தது. 610ஆம் ஆண்டில் கொரியாவிலிருந்து வந்த ஒரு புத்தத் துறவி அக்கலையை அறிந்திருந்தார் என்று ஜப்பானியரின் பழைய வரலாற்று நூல் குறிப்பிடுகிறது. ஜப்பானியர் அக்கலையைத் தம்முடையதாக்கிக்கொண்டனர். 'கோசோ' என்னும் முசுக்கட்டை இனச் செடியின் பட்டையிலிருந்து, நீண்ட நார்களைக் கொண்ட மெல்லிய காகிதத்தைக் கையாலேயே செய்தனர். அதற்கு 'வாஷி' என்று பெயர். பலமுறை மடித்தாலும் எளிதில் கிழியாது. வாஷி செய்யும் கைத்திறனை யுனெஸ்கோ நிறுவனம் 2014ஆம் ஆண்டில் மனித குலத்தின் பண்பாட்டுச் செல்வங்களுள் ஒன்றாகச் சேர்த்தது.

காகிதம் விலையுயர்ந்த பொருளாயிருந்த காலத்தில் அதை விளையாட்டுக்கு மடிப்பார் இல்லை. வழிபாட்டுக் காணிக்கைகளுக்கும், பெரியோருக்கு அளிக்கும் பரிசுகளுக்கும், திருமணச் சடங்குகளுக்குமே மடித்தனர். காகிதம் மலிந்த பிறகுதான் அது குழந்தைகளின் கைகளுக்கு வந்தது. 1797ஆம் ஆண்டில் கியோட்டோ நகரில் கொக்கு மடிப்புக்கென்றே ஒரு நூல் வெளியாயிற்று. பொழுதுபோக்கான காகித மடிப்பைப் பற்றி நமக்குத் தெரிந்த நூல்களுள் மிகப் பழையது அதுவே. ஒரே தாளில் சில இடங்களை வெட்டி, ஒன்றோடொன்று அலகாலோ இறக்கையாலோ இணைந்திருக்கும் கொக்குகளைச் செய்வதற்கு 49 வகைகள் அதில் உள்ளன. அவற்றை அமைத்தவர் குவானா என்னும் ஊரில் வாழ்ந்த ஒரு புத்தத் துறவி.

மடிப்பைப் படமாக வரைந்து காட்டுவதற்குப் பொதுவான குறிகளை வகுத்தவர் அகிரா யோஷிசாவா என்பவர். இவர் 1911 முதல் 2005 வரை வாழ்ந்தவர். எந்தப் பக்கம் மடிப்பது என்பதை அம்புக்குறியாலும், எங்கே மடிப்பது என்பதைப் புள்ளிக்கோடுகளாலும் அவர் காட்டினார். இக்குறிகளை உலகமே ஏற்றுக்கொண்டது. எங்கள் கைக்கு வந்த படத்தாளில் இருந்த எழுத்து ஜப்பானிய எழுத்து. அதில் ஓர் எழுத்துக்கூட எங்களுக்குத் தெரியாது. ஆயினும் அம்புக்குறிகள் எங்களை வழிநடத்தின.

கொக்கை ஏன் மடிக்கிறார்கள்?

நம் வயல்களில் காணும் வெண்கொக்கை நினைத்துக்கொள்ளலாகாது. ஜப்பானியர் போற்றுவது ஏறத்தாழ ஐந்தடி உயரம் வளரும் பெரிய பறவை. உடல் வெள்ளை, கழுத்தும் வாலருகே உள்ள இறகுகளும் கருமை, தலையுச்சி சிவப்பு. ஆணும் பெண்ணும் பல்லாண்டு இணைபிரியாமல் வாழும். பனியின்மேல் எதிரெதிரே நின்று நடனமாடும். 'கொக்குக்கு ஆயிரம் ஆண்டு, ஆமைக்குப் பதினாயிரம் ஆண்டு' என்பது ஜப்பானியரிடையே வழங்கும் பழமொழி. எனவே திருமண ஆடைகளிலும் புத்தாண்டு அலங்காரங்களிலும் நீண்ட ஆயுளின் சின்னமாகக் கொக்கு இடம்பெறுகிறது. ஆயிரம் கொக்குகளை மடித்து நூலில் கோத்தால் நினைத்தது நிறைவேறும் என்னும் நம்பிக்கையும் இதிலிருந்தே எழுந்தது. அந்தக் கோவைக்கு 'சென்பாசுரு' என்று பெயர். பெரும்பாலும் ஒரு சரத்துக்கு 40 கொக்குகளாக 25 சரங்கள் கட்டுவார்கள்.

ஆயிரம் ஆண்டு வாழும் என்று போற்றிய அப்பறவையே ஒரு காலத்தில் அந்நாட்டில் அழிந்துபோனதாகக் கருதப்பட்டது. வேட்டையும் சதுப்பு நிலங்கள் குறைந்ததுமே காரணம். 1924ஆம் ஆண்டில் வடக்கே ஹொக்கைடோ தீவின் குஷிரோ சதுப்பு நிலத்தில் சில பறவைகளே எஞ்சியிருக்கக் கண்டார்கள். 1950களின் கடுங்குளிரில் அவ்வட்டாரத்து உழவர்கள் மக்காச்சோளம் தூவி அவற்றைக் காப்பாற்றத் தொடங்கினார்கள். இன்று அத்தீவில் அவை ஆயிரத்துக்கும் அதிகமாக உள்ளன. கொக்குகளுக்கு ஆயுளைத் தந்தது பழமொழி அன்று, உழவர்களின் கைப்பிடிச் சோளமே என்று சகோதரி சொன்னார்.

மடிக்கும் முறை

இனி மடிப்புக்கு வருவோம். காகிதம் சரியான சதுரமாக இருத்தல் வேண்டும். ஜப்பானில் இதற்கென விற்கும் தாள் பெரும்பாலும் 15 சென்டிமீட்டர் சதுரம். ஒரு பக்கம் வண்ணம், மறுபக்கம் வெள்ளை. நாங்கள் பழைய நாட்காட்டித் தாள்களையும் பரிசுப்பொருள் சுற்றிவந்த தாள்களையும் சதுரமாக நறுக்கிக்கொண்டோம். புத்தகத்துக்கு அட்டை போடும் பழுப்புத்தாள் உதவாது. தடித்த தாளில் அலகு கூர்மையாக வராது.

ஒன்று: வண்ணப் பக்கம் மேலே இருக்கும்படி தாளை வைத்து, மூலையை எதிர்மூலையோடு சேர்த்து மடித்து, நகத்தால் அழுத்திப் பிரிக்கவும். மற்ற இரு மூலைகளையும் அவ்வாறே சேர்த்துப் பிரிக்கவும். பிறகு தாளைப் புரட்டி, விளிம்பை விளிம்போடு சேர்த்துப் பாதியாக மடித்துப் பிரிக்கவும். குறுக்கிலும் அவ்வாறே செய்யவும். இப்போது நடுவிலிருந்து எட்டுக் கோடுகள் கிளம்பி ஒரு நட்சத்திரம் தோன்றும்.

இரண்டு: வெள்ளைப் பக்கம் மேலே இருக்க, ஒரு மூலை நம்மை நோக்கியிருக்கட்டும். மற்ற மூன்று மூலைகளையும் அந்த மூலையின்மேல் கொண்டுவந்து சேர்க்கவும். தாள் தானாகவே மடங்கி, கால்பங்கு அளவுள்ள சிறு சதுரமாகும். நான்கு மூலைகளும் சேர்ந்த திறந்த முனை நம் பக்கமும், மூடிய முனை அப்பாலும் இருக்க வேண்டும்.

மூன்று: மேல் தாளின் கீழ் விளிம்புகள் இரண்டையும் நடுக்கோட்டுக்குக் கொண்டுவந்து மடிக்கவும். பையன்கள் விடும் பட்டத்தின் வடிவம் கிடைக்கும். மேலே எஞ்சியிருக்கும் முக்கோணத்தையும் அதன்மேல் மடித்து அழுத்தவும். பிறகு மூன்று மடிப்புகளையும் பிரித்துவிடவும். கோடுகள் விழுவதற்காகவே இதைச் செய்கிறோம்.

நான்கு: இதுதான் கடினமான படி. மேல் தாளின் கீழ் மூலையை மட்டும் பிடித்து மெதுவாக மேலே தூக்கவும். சற்றுமுன் விழுந்த குறுக்குக்கோடு கதவின் கீலைப்போல் இருந்து அதைத் தாங்கும். தாள் ஒரு படகுபோல் வாய் திறக்கும். பக்க விளிம்புகளை உள்ளே தள்ளி நடுக்கோட்டில் சேர்த்துப் படியவைத்தால் நீண்ட சாய்சதுரம் ஒன்று உண்டாகும். தாளைப் புரட்டி மறுபக்கத்திலும் இதையே செய்யவும்.

ஐந்து: இப்போது நம் பக்கத்தில் பிளவுபட்ட இரு கால்கள் இருக்கும். மேல் தாளின் கீழ் விளிம்புகளை நடுக்கோட்டுக்கு மடித்துக் கால்களை ஒடுக்கவும். புரட்டி மறுபக்கமும் செய்யவும்.

ஆறு: ஒவ்வொரு காலையும் அதன் இரு மடிப்புகளுக்கு நடுவே உட்புறமாகத் திருப்பி மேல்நோக்கிக் கொண்டுவரவும். ஒன்று கழுத்து, மற்றொன்று வால். கழுத்தின் நுனியைச் சிறிதளவு அதேபோல் உட்புறமாகத் திருப்பினால் தலையும் அலகும் கிடைக்கும்.

ஏழு: மேலே நிற்கும் இரு மடல்களையும் இருபுறமும் கீழே இறக்கவும். அவையே இறக்கைகள். இறக்கைகளின் அடியைப் பிடித்து மெல்ல இழுத்துக்கொண்டே, வயிற்றின் கீழுள்ள சிறு துளையில் ஊதினால் உடல் உப்பிக்கொள்ளும். கொக்கு ஆயிற்று!

பிழை எங்கே இருந்தது?

முதல் நாளில் எங்கள் கொக்குகளின் அலகுகள் வளைந்தும், ஒரு இறக்கை நீண்டும் மற்றது குறுகியும் இருந்தன. கடைசி மடிப்புகளில்தான் தவறிவிட்டோம் என்று எண்ணி, அலகைத் திருகித் திருகிப் பார்த்தோம். காகிதம் கிழிந்ததுதான் மிச்சம். சகோதரி அவற்றுள் ஒன்றை எடுத்து ஒவ்வொரு மடிப்பாகப் பிரித்து மேசைமேல் விரித்தார். நல்ல கொக்கு ஒன்றையும் அவ்வாறே பிரித்து அதன் பக்கத்தில் வைத்தார். நல்ல தாளில் கோடுகள் நடுவிலிருந்து நான்கு புறமும் ஒரே சீராக ஓடின. கெட்ட தாளிலோ முதல் மூலைவிட்டமே மூலைக்குச் சேராமல் ஒரு நூலளவு விலகியிருந்தது. அந்த நூலளவு ஒவ்வொரு மடிப்பிலும் வளர்ந்து, முடிவில் அலகில் வந்து தெரிந்தது.

அன்றிலிருந்து முதல் இரண்டு மடிப்புகளுக்கு அதிக நேரமும் மற்றவற்றுக்குக் குறைந்த நேரமும் எடுத்துக்கொண்டோம். இரண்டு வாரங்களில் வகுப்பில் பெரும்பாலோர்க்குக் கொக்கு வந்துவிட்டது. நன்கு பழகியபின் ஒரு கொக்குக்கு மூன்று நிமிடம் பிடித்தது. அப்படியானால் ஆயிரம் கொக்குகளுக்கு மூவாயிரம் நிமிடம், அதாவது 50 மணி நேரம் ஆகும்.

காகிதத்தில் கணிதம்

பிரித்து வைத்த தாளைக் கணித ஆசிரியையிடம் காட்டினோம். அவர் மகிழ்ந்து, அளவுகோலும் கோணமானியும் இல்லாமலே நாங்கள் என்னென்ன செய்திருக்கிறோம் என்பதை விளக்கினார். சதுரத்தின் மூலை 90 பாகை. நடுக்கோடு அதை 45 பாகையாகப் பிரிக்கிறது. விளிம்பை நடுக்கோட்டுக்கு மடிக்கும்போது அது மீண்டும் பாதியாகி இருபத்திரண்டரைப் பாகை ஆகிறது. கோண இருசமவெட்டியைக் கவராயத்தால் வரைகிறோம். இங்கே விரல் நகத்தால் வரைந்துவிட்டோம். மேலும் ஓர் அழகு உண்டு. தாளின் நான்கு மூலைகளே அலகாகவும் வாலாகவும் இரு இறக்கைகளாகவும் ஆகின்றன. தாளின் நடுப்புள்ளி கொக்கின் முதுகாகிறது. எதையும் வெட்டி எறியவில்லை. எதையும் ஒட்டிச் சேர்க்கவுமில்லை.

காகித மடிப்பைக் கொண்டே வடிவகணிதம் கற்பிக்கலாம் என்று ஒரு முழு நூலை எழுதியவர் நம் பக்கத்தவரே என்று அறிந்தபோது வியப்படைந்தோம். டி. சுந்தர ராவ் என்பவர் எழுதிய அந்த ஆங்கில நூல் 1893ஆம் ஆண்டில் சென்னையில் அச்சாயிற்று. ஜெர்மானியரான ஃபிரெடரிக் ஃபிரேபல் குழந்தைகள் பள்ளிக்கு வகுத்த பயிற்சிகளுள் காகித மடிப்பும் ஒன்று. அதைக் கண்டே இந்நூலை எழுதும் எண்ணம் தோன்றியது என்று சுந்தர ராவ் குறிப்பிட்டிருக்கிறார். ஜெர்மனியின் புகழ்பெற்ற கணித அறிஞர் ஃபெலிக்ஸ் கிளைன் இந்நூலைத் தம் நூலில் சுட்டிக்காட்டவே, அது மேல்நாடுகளிலும் பரவிற்று. 1901ஆம் ஆண்டில் அமெரிக்காவிலும் பதிப்பிக்கப்பட்டது.

மடிப்பின் பயன் பள்ளியோடு நிற்கவில்லை. ஜப்பானியப் பேராசிரியர் கோர்யோ மியுரா வகுத்த மடிப்பு முறையில், அகன்ற தகடு ஒன்றைச் சிறு கட்டாக்கி, வேண்டும்போது ஒரே இழுப்பில் விரிக்கலாம். 1995ஆம் ஆண்டில் ஜப்பான் விண்ணில் செலுத்திய கலம் ஒன்றில், சூரிய ஒளியிலிருந்து மின்சாரம் எடுக்கும் தகடு இம்முறையில் மடித்து அனுப்பப்பட்டது.

சடாகோ

கொக்கு மடிக்கும் எவரும் சடாகோ சசாகி என்னும் பெயரைக் கேட்காமல் இருக்க முடியாது. அவள் 1943 ஜனவரி 7ஆம் நாள் ஹிரோஷிமா நகரில் பிறந்தாள். 1945 ஆகஸ்டு 6ஆம் நாள் காலை 8.15 மணிக்கு அந்நகரின்மேல் அணுகுண்டு வெடித்தபோது அவளுக்கு வயது இரண்டு. குண்டு வெடித்த இடத்துக்கும் அவள் வீட்டுக்கும் இடையே ஒன்றரைக் கிலோமீட்டருக்குச் சற்று அதிகமான தூரமே இருந்தது. ஆயினும் அவள் உடலில் ஒரு காயமும் இல்லை.

அவ்வாண்டு முடிவதற்குள் ஹிரோஷிமாவில் ஏறத்தாழ 1,40,000 பேர் மாண்டனர். மூன்று நாள் கழித்து நாகசாகியில் விழுந்த குண்டினால் ஏறத்தாழ 74,000 பேர் மாண்டனர். அங்கு ஊராகாமி பேராலயம் இடிந்து விழுந்தது. அப்பங்கைச் சேர்ந்த சுமார் 12,000 கத்தோலிக்கருள் 8,500 பேர் இறந்தனர் என்று கணக்கிடப்பட்டுள்ளது. இருநூறு ஆண்டுகளுக்கும் மேலாக மறைந்திருந்து விசுவாசத்தைக் காத்த குடும்பங்களின் வழித்தோன்றல்கள் அவர்கள்.

சடாகோ வளர்ந்தாள், பள்ளிக்குச் சென்றாள். ஓட்டத்தில் கெட்டிக்காரி, வகுப்பின் தொடர் ஓட்டக் குழுவில் அவளும் ஒருத்தி. 1954ஆம் ஆண்டின் இறுதியில் அவள் கழுத்தில் வீக்கம் கண்டது. அது இரத்தப் புற்றுநோய் என்று தெரியவந்தது. குண்டின் கதிர்வீச்சு பத்து ஆண்டுகளுக்குப் பிறகு தன் வேலையைக் காட்டியது. 1955 பிப்ரவரியில் ஹிரோஷிமா செஞ்சிலுவைச் சங்க மருத்துவமனையில் அவளைச் சேர்த்தார்கள்.

அவ்வாண்டு கோடையில் நகோயா நகர மாணவர்கள் நோயாளிகளின் நலம் வேண்டிக் காகிதக் கொக்குகளை அம்மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். அவற்றைக் கண்ட சடாகோ தானும் மடிக்கத் தொடங்கினாள். அன்று காகிதம் தாராளமாகக் கிடைக்கும் பொருளன்று. மருந்துப்பொடி சுற்றி வந்த தாள்களையும், மற்ற நோயாளிகளுக்கு வந்த பரிசுகளின் மேல்தாள்களையும் கேட்டு வாங்கி மடித்தாள். அவள் மடித்தவற்றுள் நகத்தளவே ஆனவையும் உண்டு.

அவள் 644 கொக்குகளை மடித்தபின் இறந்தாள் என்றும், மீதியைத் தோழியர் மடித்து முடித்தார்கள் என்றும் நாங்கள் முதலில் படித்தோம். 1977ஆம் ஆண்டில் எலினோர் கோயர் என்னும் அமெரிக்க எழுத்தாளர் குழந்தைகளுக்காக எழுதிய கதை அவ்வாறு கூறுகிறது. ஆனால் உண்மை வேறு. அவள் ஆயிரத்தை எட்டிவிட்டாள் என்றும், அதன் பிறகும் மடித்துக்கொண்டே இருந்தாள் என்றும் அவளுடைய அண்ணனும், ஹிரோஷிமா அமைதி நினைவு அருங்காட்சியகமும் தெரிவிக்கின்றனர். 1955 அக்டோபர் 25ஆம் நாள் அவள் இறந்தாள். அப்போது அவளுக்கு வயது பன்னிரண்டு.

இச்செய்தி எங்கள் வகுப்பில் நீண்ட நேரம் பேசப்பட்டது. 644இல் நின்றுபோனது என்றால் அது துயரக் கதை. இன்னும் சில நாள் கிடைத்திருந்தால் ஒருவேளை பிழைத்திருப்பாளோ என்று மனம் ஏங்கும். ஆயிரத்தை எட்டியும் குணமாகவில்லை என்றால்? அப்போது கொக்குக்கும் நோய்க்கும் இடையே எந்தப் பேரமும் இல்லை என்றாகிறது. 'அது பொய்த்துப்போயிற்று என்று அவளுக்குத் தெரிந்திருக்குமே! பின் ஏன் மடித்தாள்?' என்று ஒருத்தி கேட்டாள். சகோதரி உடனே விடை கூறவில்லை. சற்றுப் பொறுத்து, 'நாம் கேட்டது கிடைக்கவில்லை என்பதற்காகக் கேட்பதையும் நேசிப்பதையும் நிறுத்திவிடுகிறோமா?' என்று மட்டும் சொன்னார்.

கொக்குகள் சென்ற இடங்கள்

சடாகோவின் வகுப்புத் தோழர்கள் அவளையும், குண்டினால் மாண்ட எல்லாக் குழந்தைகளையும் நினைவுகூர ஒரு சின்னம் எழுப்ப விரும்பினார்கள். பள்ளிப் பிள்ளைகளிடமே நன்கொடை கேட்டார்கள். ஜப்பானின் 3,100க்கும் மேற்பட்ட பள்ளிகளும், வேறு ஒன்பது நாடுகளின் மாணவர்களும் உதவினார்கள். 1958 மே 5ஆம் நாள், ஜப்பானியரின் குழந்தைகள் தினத்தன்று, ஹிரோஷிமா அமைதிப் பூங்காவில் அச்சின்னம் திறந்து வைக்கப்பட்டது. அதன் உச்சியில் ஒரு சிறுமி இரு கைகளையும் உயர்த்திக் கொக்கு ஒன்றை ஏந்தி நிற்கிறாள்.

உலகெங்குமிருந்து அங்கே ஆண்டுதோறும் ஏறத்தாழ ஒரு கோடிக் காகிதக் கொக்குகள் வந்து சேர்கின்றன. அவற்றின் எடை சுமார் 10 டன். பழையவற்றை மறுபடியும் காகிதமாக்கிப் பயன்படுத்துகிறார்கள். 2016 மே மாதம் அமெரிக்க அதிபர் பராக் ஒபாமா அந்நகருக்குச் சென்றபோது, தாமே மடித்த கொக்குகளைக் கொண்டுசென்று இருவரைப் பள்ளிப் பிள்ளைகளுக்கு அளித்தார்; எஞ்சிய இரண்டை அருங்காட்சியகத்தில் விட்டு வந்தார்.

சடாகோ கைப்பட மடித்த கொக்கு ஒன்று இன்னும் தொலைவுக்குச் சென்றது. 1941 டிசம்பரில் ஜப்பானிய விமானங்கள் எச்சரிக்கையின்றித் தாக்கிய அமெரிக்கக் கடற்படைத் துறைமுகம் முத்துத் துறைமுகம். அங்குள்ள நினைவிடத்துக்கு அவளுடைய அண்ணன் அக்கொக்கை அளித்தார். 2013ஆம் ஆண்டில் அது அங்கே மக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டது. இம்முயற்சியில் அவரோடு துணைநின்றவர், அணுகுண்டு வீச ஆணையிட்ட அதிபர் ட்ரூமனின் பேரன். தாக்கியவரும் தாக்கப்பட்டவரும் என்ற கணக்கைப் பார்க்காமல், ஒரு விரலளவுக் காகிதத்தை இருவருமாகக் கொண்டுபோய் வைத்தார்கள்.

எங்கள் கணக்கு

சடாகோவைப் பற்றி அறிந்தபின், நாங்களும் ஆயிரம் மடித்து ஹிரோஷிமாவுக்கு அனுப்புவது என்று முடிவு செய்தோம். அப்போது வகுப்பில் ஒரு சச்சரவு மூண்டது. கோணலான கொக்குகளை நீக்கிவிட வேண்டும், அயல்நாட்டுக்குப் போவது அழகாக இருக்க வேண்டும் என்றது ஒரு பக்கம். கைவேலையில் சற்றுப் பின்தங்கிய தோழி ஒருத்தி, நண்பகல் இடைவேளைகளில் தனியே அமர்ந்து முப்பது கொக்குகளை மடித்திருந்தாள். ஒன்றுகூட நேராக நிற்காது. அவற்றை எண்ணவே கூடாது என்று சிலர் கூறினார்கள். அவள் ஒன்றும் பேசாமல் அவற்றைத் தன் பைக்குள் எடுத்து வைத்துக்கொண்டாள்.

மறுநாள் சகோதரி அவளை அழைத்து, கொக்குகளை மேசைமேல் வரிசையாக வைக்கச் சொன்னார். முதற் கொக்கையும் முப்பதாவதையும் ஒப்பிட்டுப் பார்த்தோம். முதலாவதற்குத் தலையே இல்லை. முப்பதாவதற்கு இறக்கை இரண்டும் ஏறத்தாழச் சமமாக இருந்தன. எங்களில் எவரும் முதல் நாளுக்குப் பிறகு அவ்வளவு தூரம் முன்னேறியிருக்கவில்லை. நாங்கள் வெட்கமடைந்தோம். முப்பதும் கணக்கில் சேர்ந்தன. முதற் சரத்தின் முதற் கொக்காகத் தலையில்லாத அதையே கோத்தோம்.

தேர்வுகள் நெருங்கியபோது கணக்கு 712இல் நின்றது. பதினேழு சரங்கள் நிறைந்துவிட்டன. பதினெட்டாவதில் 32 உள்ளன. அவை இப்போது கைவேலை அறையின் சன்னலருகே தொங்குகின்றன. காற்று வந்தால் எல்லாம் ஒன்றாகத் திரும்புகின்றன. மீதி 288. விடுமுறையில் மடித்துக்கொண்டு வருவதாகச் சிலர் கூறியுள்ளனர். வரும் ஆண்டில் எங்கள் இடத்துக்கு வரும் தங்கைகளும் எங்களோடு சேர்ந்துகொள்ளலாம். மடிக்கும் முறையை மேலே எழுதியிருக்கிறோம். புரியாவிட்டால் எங்களைக் கேளுங்கள். பெற்றோரும் வீட்டில் முயன்று பார்க்கலாம். முதல் மடிப்பை மட்டும் அவசரப்படாமல் மடியுங்கள்.

ஆயிரம் நிறைந்தால் எங்கள் விருப்பம் நிறைவேறுமா என்று கேட்பீர்கள். உலகில் போர் ஒழிய வேண்டும் என்பதே எங்கள் விருப்பம். ஆயிரம் கொக்குகளால் அது நடந்துவிடும் என்று நாங்கள் நம்பிக்கொண்டிருக்கவில்லை. ஆயினும் ஆயிரத்தோராவது கொக்கையும் மடிப்போம். சடாகோவும் அதைத்தான் செய்தாள்.